மேஜை மேல் எட்டு சிலிண்டர்

ஓரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மோல்டிங் மெஷின் பார்ப்பது என் வேலை. டாஷ்போர்டில் ஏசி காற்று வருகிற இடத்துக்கு ஒரு சட்டம் இருக்குமே, அதுதான் எங்கள் லைனில் வருகிறது. ஷிஃப்டுக்கு ஷிஃப்டு அதே சட்டம். தென்னேரியிலிருந்து என்னோடு கம்பெனி பஸ் ஏறுகிறவர்களில் ஒருவர் வயர் கட்டுவார், ஒருவர் சீட் உறை தைப்பார், இன்னொருவர் போல்ட் எண்ணிப் பெட்டியில் போடுவார். எல்லோரும் கார்தான் செய்கிறோம். ஆனால் முழுக் காரும் எங்கள் யார் கையிலும் வருவதில்லை. ஒரு காரை அடியிலிருந்து நுனிவரை நான் கற்றுக்கொண்டது வீட்டு மேஜையில். அதுவும் நம் ரோட்டில் அநேகமாகப் பார்க்கவே முடியாத அமெரிக்க மஸில் கார்களில்.

கடையில் தொங்கும் ரெடிமேட் பொம்மைக் காரை இதோடு சேர்க்கக் கூடாது. கிட் பெட்டியைத் திறந்தால் உள்ளே கார் இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்களில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் நூற்றுச் சொச்சம் பாகங்கள், நான்கு டயர், பளபளக்கும் பம்பர், தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர், படம் போட்ட வழிகாட்டித் தாள் இருக்கும். வெட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து, ஒட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அளவு பெரும்பாலும் நிஜக் காரில் 25-ல் ஒரு பங்கு. சில கம்பெனிகள் 24-ல் ஒரு பங்காகச் செய்யும். 1964-ல் வந்த ஃபோர்டு மஸ்டாங் 4.6 மீட்டர் நீளம். அதுவே கிட்டில் 18.5 சென்டிமீட்டர்.

நாலு அம்பாசடர் சேர்ந்த எஞ்சின்

நடுத்தர அளவுக் கார், அதற்குள் பெரிய காருக்கான எட்டு சிலிண்டர் எஞ்சின், சம்பாதிக்க ஆரம்பித்த இளைஞனுக்குக் கட்டுப்படியாகும் விலை. மஸில் கார் என்பது இவ்வளவுதான். இந்த வகைக்குப் பாதை போட்டது 1964-ம் வருட மாடல் போன்டியாக் ஜிடிஓ. நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் விதி இருந்தது. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனின் குழு அந்த விதியை மீறவில்லை, பக்கத்தில் ஒதுங்கிப் போனது. ஜிடிஓ-வைப் புது மாடலாக அறிவிக்காமல், டெம்பஸ்ட் காருக்கு விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் வசதியாக விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்தக் ‘கூடுதல் வசதி’ 389 கன அங்குல எஞ்சின், அதாவது 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன். நம் பழைய அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சின் 1.5 லிட்டர். நாலு அம்பாசடரை ஒரே பானட்டுக்குள் அடைத்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

அதே 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் வந்தது. இரண்டு வருடத்துக்குள் பத்து லட்சம் கார்கள் ஓடின. கறாராகப் பேசுகிறவர்கள் மஸ்டாங்கைத் தனி வகையில் வைப்பார்கள். கிட் சேர்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரே அலமாரிதான். பின்னாலேயே டாட்ஜ் சார்ஜர், பிளைமவுத் ரோட் ரன்னர், செவர்லே செவெல் என்று வரிசை கட்டின. இந்தக் கூத்து பத்து வருடம்கூட நீடிக்கவில்லை. 1970-ன் காற்று மாசுச் சட்டம், ஏறிக்கொண்டே போன இன்ஷூரன்ஸ், 1973-ன் எண்ணெய் நெருக்கடி மூன்றும் சேர்ந்து அந்த எஞ்சின்களை அடக்கிவிட்டன.

நமக்கு இவை வராமல் போனதற்குக் காரணம் உண்டு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஒரு காலத்தில் இந்தியாவில் கார் பூட்டி விற்றவைதான். உள்நாட்டிலேயே பாகங்களும் தயாராக வேண்டும் என்று அரசு சொன்னதும், 1954-க்குள் இரண்டும் கடையைக் கட்டின. மஸில் கார் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே நமக்கும் அமெரிக்கக் கார்களுக்கும் தொடர்பு பெரும்பாலும் அறுந்துவிட்டது. மஸ்டாங் முறைப்படி இங்கே விற்பனைக்கு வந்தது 2016-ல். அப்போது விலை 65 லட்சம் ரூபாய்.

ஷோரூமில் பிறந்தது

இந்தக் கிட்டுகளைத் தொடங்கியது பொம்மைக்காரர்கள் அல்ல. இவை கார் வியாபாரத்துக்குள்ளேயே பிறந்தவை. 1948-ல் டெட்ராய்ட் பக்கம் ஏ.எம்.டி. என்ற கம்பெனி தொடங்கியது. புது மாடல் வரும்போது ஷோரூமில் வைக்கவும், வாங்க வருகிறவர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கவும் சின்ன கார்களைச் செய்து தந்தது. நிஜக் காரின் வரைபடங்களை கார் கம்பெனிகளே முன்கூட்டி ரகசியமாகக் கொடுத்தன. அப்போதுதானே அறிமுக நாளில் பெரியதும் சின்னதும் சேர்ந்து தயாராக இருக்கும்? ஏற்கெனவே வெட்டிய அச்சு கையில் இருக்க, 1958-ல் அதே பாகங்களைப் பூட்டாமல் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாக அந்தக் காரைச் செய்யலாம் என்பது விளம்பரம். எம்.பி.சி., ஜோ-ஹான், மோனோகிராம், ரெவெல் என்று போட்டிக் கம்பெனிகளும் இருந்தன. கம்பெனிகள் கைமாறின. அச்சுகள் பல இன்னும் இருக்கின்றன. போன்டியாக் என்ற பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் 2010-ல் மூடிவிட்டது. ஜிடிஓ கிட் இன்றைக்கும் புதுப் பெட்டியில் வருகிறது.

மோல்டிங்காரன் கண்ணுக்கு இந்தப் பெட்டி ஒரு பாடப் புத்தகம். கிட்டுக்குப் பயன்படுவது பாலிஸ்டைரீன். 200 டிகிரியைத் தாண்டிய சூட்டில் இளகி, எஃகு அச்சுக்குள் பாய்ந்து, குளிர்ந்து வெளியே வருகிறது. பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டம் என்று சொன்னேனே, அது உருகிய பிளாஸ்டிக் ஓடிய வழி. நாங்கள் ரன்னர் என்போம். பாகத்தின் பின்பக்கம் தெரியும் சின்ன வட்டத் தழும்பு, எஜெக்டர் பின் குத்தித் தள்ளிய இடம். அச்சின் இரண்டு பாதி சேருமிடத்தில் மெல்லிய கோடு விழும். அச்சு பழசானால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் பிசிறு கட்டும். காரின் உடம்பு மட்டும் கூரை, கதவு, முன்பின் பக்கம் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக வரும். மேலும் கீழும் திறக்கும் சாதா அச்சில் அது முடியாது. நான்கு பக்கமும் விலகும் ஸ்லைடு வைத்த அச்சு வேண்டும். அந்த ஒரு அச்சுக்கு ஆகும் செலவுதான் இந்தத் தொழிலின் முதலீடு. பம்பரின் பளபளப்பு முலாம் அல்ல. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்தது. அதைச் சுரண்டாமல் ஒட்டினால் பிடிக்காது.

கிட்டுக்கான பசையும் வேறு மாதிரி. அது இரண்டு பாகத்தின் மேற்பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். ஃபெவிக்விக் போட்டால் பக்கத்துக் கண்ணாடி வெள்ளை பூத்துப்போகும். கண்ணாடிக்கு நம் வெள்ளை ஃபெவிகாலே போதும், காய்ந்தால் தெளிந்துவிடும். கார் பெயின்ட் கடை ஸ்ப்ரேயை வெறும் பிளாஸ்டிக் மேல் அடித்தால் பரப்பை அரித்துவிடும். முதலில் பிரைமர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஏரி நிரம்பி, காற்றில் ஈரம் ஏறிவிட்டால் பெயின்ட் வெளுத்துப் புகை படிந்த மாதிரி ஆகும். அந்த மாதங்களில் நான் பெயின்டைத் தொடுவதில்லை, எஞ்சின் வேலைதான்.

பட்டு இழையில் எட்டு வயர்

எஞ்சின்தான் கிட்டின் உயிர். பெட்டியில் வருவதில் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும். அதிலிருந்து ஸ்பார்க் பிளக்குகளுக்குப் போகும் எட்டு வயர் பெரும்பாலும் இருக்காது. ஆர்வம் உள்ளவர்கள் அதைத் தாங்களே சேர்ப்பார்கள். நிஜ வயர் 7, 8 மில்லிமீட்டர் தடிமன் என்றால் நமக்கு வேண்டியது 0.3 மில்லிமீட்டர். வெளிநாட்டில் இதற்கென்றே வயர் விற்கிறார்கள். எனக்குச் சித்தப்பா வீட்டுத் தறியில் அறுந்து விழும் பட்டு இழை போதும். இரண்டு மூன்றைச் சேர்த்து முறுக்கி, தேன்மெழுகு தடவிப் பிசிறு அடக்கி, கறுப்பு பூசினால் வேலை முடிந்தது. சரிகைத் துண்டு கிடைத்தால், கம்பி பின்னிய பெட்ரோல் குழாய்க்கு ஆகும்.

“ஏண்டா, பொடவைக்குப் போற நூல வெச்சு கார் ஓட்டப் போறியா?” என்பார் சித்தப்பா. ஓட்ட முடியாதுதான். ஆனால் எந்த வயர் எந்த பிளக்குக்குப் போகும் என்று தேடும்போது வண்டி ஓடுகிற விதம் புரிந்துவிடும். மஸ்டாங்கின் 289 கன அங்குல எஞ்சினில் சிலிண்டர்கள் 1-5-4-2-6-3-7-8 என்ற வரிசையில் வெடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருக்கும். செவர்லேயின் வி-8-ல் வரிசை 1-8-4-3-6-5-7-2; டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால், எஞ்சினையும் ஆள் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் சுவரை ஒட்டி. ஒரு பக்கம் மட்டும் அடுத்தடுத்து வெடித்து எஞ்சின் குலுங்கக் கூடாது என்பதற்காக இந்தத் தாறுமாறு வரிசை. ஏசி சட்டத்தை மட்டும் வார்த்துக்கொண்டே இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

முதல் பெட்டி எது?

இங்கே வெளிநாட்டுக் கிட்டின் விலை உறைக்கக் காரணம் சுங்கவரி. அளவு குறைத்த மாதிரிகள் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைக்கான அடிப்படை வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. உள்நாட்டுத் தொழில் வளரட்டும் என்பது நோக்கம். வளர இடம் உண்டு. டயர் விற்கும் எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் தொடங்கியதே பொம்மை பலூன் செய்யத்தான். அதே குழுமம் 1987-ல் ஃபன்ஸ்கூல் பொம்மைக் கம்பெனியை ஆரம்பித்தது. ராணிப்பேட்டையில் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் வட்டாரத்தில் அச்சு வெட்டத் தெரிந்தவர்களும் நிறைய.

யாராவது இங்கேயே கிட் செய்யத் துணிந்தால் முதல் பெட்டிக்கு என் ஓட்டு மஸ்டாங்குக்கு இல்லை, ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு. 1961 முதல் நம் வண்டலூரில் தயாரான கார். பின்னால் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்தும் வந்தது. முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். உடம்பு ஒரே துண்டும் அல்ல. தனி சேஸிஸ் மேல் பகுதி பகுதியாக போல்ட் போட்டு இறுக்கியது. பாகங்களாகக் கப்பலில் அனுப்பி, போன இடத்தில் பூட்டிக்கொள்ள வசதியாக இங்கிலாந்தில் உருவான கார் அது. சுருக்கமாகச் சொன்னால், நிஜ ஹெரால்டே ஒரு கிட்தான். ஸ்லைடு வைத்த விலையுயர்ந்த அச்சுக்கூட வேண்டாம். வரைபடத்தைக் கொடுங்கள், மெஷினை நான் பார்த்துக்கொள்கிறேன்.