மகாராஜாவை வென்றவர் யார்?

ஏற்காட்டுத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் கூலித் தோழனுக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கக்கூடும். உறவு உண்டு. சேர்வராயன் மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஓமலூர்ப் பக்கம் போனால் காமலாபுரத்தில் விமான நிலையம். சேலத்துக்கு மறுபுறம், கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலை. இவ்விரண்டின் கதையையும் அறிய, முதலில் ஏர்-இந்தியாவின் கதையை அறிய வேண்டும்.

"அரசாங்கம் தொழில் நடத்தினால் நட்டம், முதலாளி நடத்தினால் இலாபம்." இதுதான் ஏர்-இந்தியாவை விற்றபோது ஓதப்பட்ட மந்திரம். மெய்யா இது? கணக்கைப் பார்ப்போம்.

1932-இல் டாட்டா தொடங்கிய விமானத் தொழில் 1953-இல் நாட்டுடைமை ஆயிற்று. அரசாங்கக் கம்பெனியாக இருந்த காலத்தில்தான், 1962-இல், ஜெட் விமானங்களை மட்டுமே ஓட்டும் உலகின் முதல் விமானக் கம்பெனி என்று ஏர்-இந்தியா பெயரெடுத்தது. அதன் சின்னமான மகாராஜா உலகத் தலைநகரங்களில் தலைநிமிர்ந்து நின்றான்.

பிறகு ஏன் வீழ்ந்தான்? சேலம் பேருந்து நிலையத்தை எண்ணிப் பாருங்கள். நாலா ஊர்க்காரர்களும் வந்து இறங்குகிறார்கள். வேறு வேறு பேருந்துகளில் ஏறிப் பிரிகிறார்கள். துபாய் செய்ததும் அதே வேலைதான். சென்னை, கொச்சி, ஐதராபாத் பயணிகளைத் தன் ஊருக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பிரித்து அனுப்பியது. வளைகுடாக் கம்பெனிகளுக்கு இத்தனை இருக்கைகள் என்று அனுமதி கொடுப்பது டில்லி. அந்த எண்ணிக்கையை டில்லி வாரி வழங்கியது. அதே சமயம், இரு அரசுக் கம்பெனிகளும் 111 விமானங்களைக் கடன் பட்டு வாங்க முடிவாயிற்று. 2007-இல் இரண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டன. இவற்றையெல்லாம் 2011-இல் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையே குறை கூறியது. இவற்றுள் எந்த முடிவைத் தொழிலாளி எடுத்தான்? விமானத்தைக் கழுவியவனா, மூட்டை சுமந்தவனா?

இன்னொன்றும் கேட்கிறோம். மகாராஜாவை வென்றவர்கள் யார்? எமிரேட்ஸ் துபாய் அரசின் சொத்து. கத்தார் ஏர்வேஸ் கத்தார் அரசின் சொத்து. சிங்கப்பூர் ஏர்லைன்சில் பெரும்பங்கு சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்குக்கு. வென்றவை எல்லாம் அரசாங்கத்தின் உடைமை! அங்கே அரசாங்கம் தன் கம்பெனியைத் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டுப் பின்னால் நின்றது. இங்கே அமைச்சகம் முன்னால் நின்று கையைக் கட்டியது. குற்றம் உடைமையில் இல்லை. நடத்திய முறையில் இருக்கிறது.

விற்பனைக் கணக்கையும் கேளுங்கள். 2021 ஆகஸ்டு முடிவில் கடன் 61,562 கோடி ரூபாய். டாட்டா ஏற்றது 15,300 கோடி. ரொக்கமாகக் கொடுத்தது 2,700 கோடி. மீதிக் கடன் 46,262 கோடி அரசாங்கத்தின் தலையில், அதாவது மக்கள் தலையில்! 2022 ஜனவரியில் கம்பெனி கை மாறியது. 2024 நவம்பரில் விஸ்தாரா அதனுடன் இணைந்தபோது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 25.1 விழுக்காடு பங்காளியாக வந்து அமர்ந்தது. நம் அரசாங்கம் ஆகாது என்று விரட்டினார்கள். இன்னோர் அரசாங்கத்தின் கம்பெனிக்குப் பாய் விரித்தார்கள்!

டாட்டா சும்மா இருக்கவில்லை. 2023-இல் 470 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. ஆனாலும் வானம் தெளிந்துவிடவில்லை. 2025-இல் பாகிஸ்தான் வான்வழி அடைபட்டதால் மேற்கே செல்லும் விமானங்கள் சுற்றிப் போக நேர்ந்தது. எரிபொருள் செலவு ஏறியது. அவ்வாண்டு ஜூனில் ஆமதாபாத் விபத்து 260 உயிர்களைக் குடித்தது. உள்நாட்டிலோ பயணிகளில் பாதிக்கு மேல் இண்டிகோவின் கையில். அந்த ஒரு கம்பெனி 2025 டிசம்பரில் தடுமாறியபோது நாடெங்கும் விமான நிலையங்களில் மக்கள் தவித்தார்கள். போட்டி என்று தொடங்கியது இப்படி முடிந்தது.

இப்போது காமலாபுரத்துக்கு வருவோம். கிங்பிஷர் வந்தது, போனது. 2012-இல் அந்தக் கம்பெனியே படுத்துவிட்டது. 2018-இல் ட்ரூஜெட் வந்தது. 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி விமானம் இறங்கியபோது, இண்டிகோவோடு வந்தது அலையன்ஸ் ஏர். ஏர்-இந்தியா விற்பனையில் சேராமல் அரசாங்கத்திடமே தங்கிய சிறு கம்பெனி அது. நட்டத்தை ஈடுகட்டியதும் உடான் திட்டத்தின் பொதுப் பணமே. ஓடுபாதை போட்டது மக்கள் பணம்; ஓட்டியவனுக்கு உதவியதும் மக்கள் பணம். இலாபம் மட்டும் தனியாருக்கா?

தோழர்களே! இதே மந்திரத்தை ஓதித்தான் 2019-இல் சேலம் உருக்காலையை விற்கப் புறப்பட்டார்கள். தொழிலாளர் எதிர்த்தார்கள், 2023-இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. கைவிட்டதாலேயே ஆசை அற்றுப்போயிற்று என்று எண்ணி உறங்கக் கூடாது. நாளை மறுபடியும் வருவார்கள். "அரசாங்கம் நடத்தினால் நட்டம்" என்பார்கள். அப்போது கோபப்பட்டுக் கூச்சலிட வேண்டாம். "துபாய் கம்பெனி யாருடையது? 46,262 கோடி யார் தலையில்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் வரும்வரை ஆலை வாசலை விட்டு நகராதீர்கள்!