கேள்வி கேட்டவர்: வினோத் துவா

1984 டிசம்பர் மாதம். தில்லிக் குளிர். எங்கள் ரயில்வே குடியிருப்பில் பக்கத்து வீட்டு மாமாவிடம் மட்டும் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. மக்களவைத் தேர்தல் முடிவுகளைப் பார்க்க, போர்வையைச் சுற்றிக்கொண்டு அத்தனை பேரும் அங்கே கூடினோம். ஆங்கிலத்தில் பிரணாய் ராய், இந்தியில் வினோத் துவா. வேலைக்குப் புதிதாக வந்திருந்த எனக்கு அரசாங்க இந்தி தலைவலி. ஆனால் துவா பேசிய இந்தி, காய்கறிக்காரர் பேசுகிற இந்தி. எனக்கே புரிந்தது!

அவரும் நம்மைப் போல் ஊர் விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைதான். பிரிவினையின்போது தேரா இஸ்மாயில் கானிலிருந்து வந்தவர்கள். 1954இல் பிறந்த அவர் தில்லியின் அகதிக் குடியிருப்புகளில் வளர்ந்தார். ஹன்ஸ்ராஜ் கல்லூரியில் படித்து, 1974இல் 'யுவ மஞ்ச்' நிகழ்ச்சி மூலம் தூர்தர்ஷனுக்கு வந்தார்.

1985இல் வந்த 'ஜன்வாணி' தான் அவர் பெயரை நிலைநிறுத்தியது. சாதாரணப் பொதுமக்கள் அமைச்சர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம். அதுவும் அரசாங்கத் தொலைக்காட்சியிலேயே! "வந்த ஊரில் வாயைத் திறக்காதே" என்று சொல்லி என்னை ரயிலேற்றிய என் தகப்பனாருக்கு இதைக் கடிதத்தில் எழுதினேன். அவர் நம்பவில்லை.

பின்னர் 'பரக்' என்ற வாராந்தர நிகழ்ச்சி. 1996இல் கோயங்கா விருது. தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. 2008இல் பத்மஸ்ரீ. ஊர் ஊராகச் சென்று உணவை ருசித்த 'ஜாயகா இந்தியா கா' நிகழ்ச்சியை நம் வீட்டுப் பெண்மணிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

விருதுகளைவிடப் பெரிய சோதனை கடைசியில் வந்தது. 2020இல் யூடியூபில் மத்திய அரசை விமர்சித்ததற்காக, ஹிமாசலப் பிரதேசத்தில் அவர்மீது தேசத் துரோக வழக்குப் பதிவானது. அப்போது வயது 66. உச்ச நீதிமன்றம் சென்றார். 2021 ஜூன் 3 அன்று நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. 1962ஆம் ஆண்டு கேதார்நாத் சிங் தீர்ப்பு தரும் பாதுகாப்பு ஒவ்வொரு பத்திரிகையாளருக்கும் உண்டு என்றும் சொன்னது. அவர் ஒருவர் போட்ட வழக்கு, பெயர் தெரியாத எத்தனையோ சிற்றூர் நிருபர்களுக்கும் அரணாயிற்று. அதே மாதம் அவர் மனைவி கொரோனாவுக்குப் பலியானார். டிசம்பர் 4 அன்று அவரும் மறைந்தார்.

ரயில்வேயில் 'கீமேன்' என்றொரு தொழிலாளி உண்டு. தினமும் தண்டவாளத்தில் நடந்து, தளர்ந்த சாவியைச் சுத்தியலால் தட்டி இறுக்குவார். தட்டுகிற சத்தம் காதுக்கு இனிமையாக இராது. ஆனால் அவர் ரயிலுக்கு எதிரி அல்லர்; ரயில் கவிழாமல் ஓடுவது அவரால்தான். கேள்வி கேட்கும் நிருபரும் அப்படியே.

என் தகப்பனார் சொன்னதை நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. மரியாதையாகக் கேள், ஆனால் கேள் என்றே சொல்லி வளர்த்தேன். நீங்களும் சொல்லுங்கள்.