ஹிட் கவுன்ட்டர் வீட்டுக்குள்ளே ஒரு எட்டு!

உள்ளே விட்டுவிட்டார்கள்! செருப்பை வெளியே கழற்றிவிட்டு, சத்தம் காட்டாமல் என் பின்னாலேயே வாருங்கள். சில பழைய வலைத்தளங்களின் அடியில் 'இதுவரை வந்தவர்கள்' என்று ஓர் எண் ஏறிக்கொண்டே இருக்குமே, அது பிறக்கிற அறை இதுதான்.

அறையா இது? மேசைக்கடியில் தூசி படிந்த ஒரு பெட்டி, கால் வைக்க இடமில்லாமல் வயர், ஏசி இருந்தும் புழுக்கம். சுவிட்ச்மேல் செல்லோ டேப் ஒட்டி, 'தொட்டால் கொலை விழும்' என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே ஓடுவது, வலைப்பக்கங்களைச் சர்வரிலேயே தயாரிக்கும் கிளாசிக் ஏஎஸ்பி. மைக்ரோசாஃப்ட் 1996 டிசம்பரில் வெளியிட்ட சரக்கு!

"இன்னுமா ஓடுது?"

"கண்ணு வைக்காதீங்க சார்," என்றார் புரோகிராமர் தம்பி.

திரையில் குளோபல்.ஏஎஸ்ஏ, அப்ளிகேஷனின் தொடக்க ஃபைல். செஷன் மாறி (வேரியபிள்) ஆளுக்கு ஒன்று. 20 நிமிடம் ஆள் அசையவில்லை என்றால் சர்வர் தூக்கிப் போட்டுவிடும். அப்ளிகேஷன் மாறி அப்படியில்லை, ஊர்ப் பொதுக் கரும்பலகை. எவர் எழுதினாலும் எல்லாருக்கும் தெரியும்.

பொது என்றால் தள்ளுமுள்ளும் உண்டே! இரண்டு பேர் ஒரே நொடியில் நுழைகிறார்கள். இருவருக்கும் 500 தெரிகிறது, இருவரும் 501 என்று எழுதுகிறார்கள். ஒருத்தர் கணக்கிலேயே இல்லை! அதனால் முதலில் லாக், ஒன்றைக் கூட்டு, உடனே அன்லாக். மூன்றே வரி. திறக்க மறந்தால்? பக்கம் ஓடி முடிந்ததும் சர்வரே திறந்துவிடுமாம். அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

தம்பிக்கு வியர்ப்பது வேறு விஷயத்துக்கு. எண் இருப்பது நினைவகத்தில். அப்ளிகேஷன் மறுபடி தொடங்கினால் போச்சு. குளோபல்.ஏஎஸ்ஏவில் ஒரு கமாவை மாற்றிச் சேமித்தாலே தொடங்கிவிடும். போதாததற்கு, ஐஐஎஸ் என்ற இந்த வெப் சர்வர் தன்பாட்டுக்கு 1740 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஆரம்பிக்கிறது. அதாவது 29 மணி நேரம். இன்று நள்ளிரவு என்றால் நாளை மறுநாள் விடியற்காலை ஐந்து!

"அப்போ கவுன்ட்டர்?"

"நூறு பேருக்கு ஒருதரம் ஃபைல்ல எழுதிடுவேன். ஆரம்பிக்கும்போது அங்கேருந்து எடுத்துக்கும். மிஞ்சிப்போனா தொண்ணூத்தொம்பது பேர் நஷ்டம்."

அந்தத் தொண்ணூற்றொன்பதில் நாமும் எத்தனை தடவை போனோமோ!