ரன் (ஆங்கில வினைச்சொல்)

ரன் என்பது ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களைக் கொண்ட வினைச்சொற்களுள் ஒன்றாகும். 2011 ஆம் ஆண்டளவில் ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் தொகுப்பாளர்கள் இவ்வினைக்கு 645 பொருள்களை வகைப்படுத்தியிருந்தனர்.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் ஓடுதல், பாய்தல் ஆகியவற்றை ரின்னன், இர்னன் என்னும் வடிவங்கள் குறித்தன. ஓடச் செய்தலுக்கு வேறொரு வினை இருந்தது. பழைய நோர்சு மொழியின் தாக்கத்துடன் இவை காலப்போக்கில் ஒன்றுகலந்தன. இதனால் தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவம் நிலைத்தது.

பொருள்கள்

* தன்வினை: ஓடுதல், ஆறு பாய்தல், மூக்கு ஒழுகுதல், தேர்தலில் போட்டியிடுதல்
* பிறவினை: நிறுவனத்தை நடத்துதல், இயந்திரத்தை இயக்குதல்

ஒத்த சொற்கள்

விரைந்து ஓடுதலுக்கு ஸ்பிரிண்ட், பாய்தலுக்கு ஃபுளோ, நடத்துதலுக்கு மேனேஜ், இயக்குதலுக்கு ஆப்பரேட் ஆகியன ஒத்த சொற்களாகும். இவற்றுள் எதுவும் எல்லா இடங்களிலும் ரன் என்பதற்கு ஈடாகாது.

தமிழாக்கம்

தமிழில் ஓடு - ஓட்டு, இயங்கு - இயக்கு எனத் தன்வினையும் பிறவினையும் வடிவிலேயே வேறுபடுகின்றன. எனவே மென்பொருள்களைத் தமிழாக்குவோர் சூழலை அறிதல் வேண்டும். பொத்தானில் உள்ள ரன் "இயக்கு" என்னும் கட்டளையாகும். நிலையைக் காட்டும் ரன்னிங் "இயங்குகிறது" என்பதாகும். இரண்டாவதை "இயக்குகிறது" எனப் பெயர்த்தால், நிரல் தான் இயங்குகிறதா, வேறொன்றை இயக்குகிறதா எனப் பயனர் மயங்க நேரிடும்.