ஊருக்குத் திரும்பும் உள்ளான்கள்



பங்குனி வந்தா நம்ம வேதாரண்யம் பக்கம் உப்பள வேலை மும்முரமாகிவிடும். அதே நேரத்தில் கோடியக்கரைச் சதுப்பில் இன்னொரு கூட்டமும் பரபரப்பாக இருக்கும். ஐப்பசி வாக்கில் வந்து தங்கிய வெளிநாட்டுப் பறவைகள் மார்ச், ஏப்ரலில் வடக்கே கிளம்புகின்றன. வரும்போது பார்க்க ஆட்கள் நிறைய வருவாங்க. போகும்போது அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. ஆனா பார்க்க வேண்டியதே அப்பத்தான்!

கொசு உள்ளானை எடுத்துக்கொள்வோம். எடை 20, 25 கிராம்தான், கோழிமுட்டையில் பாதி. இது சைபீரியாவின் வடகோடி வரை போக வேண்டும். அங்கே ஜூன் மாதத்தில் சூரியன் மறைவதே இல்லை. கொசுவும் பூச்சியும் ஏராளம். குஞ்சு வளர்க்க அதுதான் வசதி. நாம் குழுவில் சேமிக்கிற மாதிரி, வழிச்செலவுக்கு அது உடம்பில் கொழுப்பைச் சேமிக்கிறது. அதனால்தான் பகல் முழுக்கச் சேற்றில் புழு பூச்சி கொத்திக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு வகை உள்ளானுக்கு மூக்கு சற்றே கீழே வளைந்திருக்கும். மார்கழியில் சாம்பலாக இருந்தது, சித்திரைக்குள் செங்கல் நிறமாகிவிடும். கல்யாணத்துக்குப் புதுப்புடவை கட்டின மாதிரிதான்!

இந்தச் சமயத்தில் நாய் விரட்டினாலோ, பையன்கள் கல் எறிந்தாலோ கூட்டமே எழும்பிவிடும். ஒவ்வொரு தடவையும் சேர்த்த கொழுப்பு கரைகிறது, தீனி நேரமும் போகிறது. கொழுப்புப் போதாத பறவை வழியிலேயே விழலாம். இல்லாவிட்டால் தாமதமாகப் போய் முட்டையிடும் பருவத்தைத் தவறவிடலாம். இறால் தடவப் போகும்போது கூட்டத்தின் நடுவே நடக்காமல் சுற்றிப் போனாலே போதும். நாயைக் கூட்டிப் போக வேண்டாம்.

பார்க்க ஆசைப்பட்டால் காலையில் வெயிலை முதுகில் வைத்து, தூரத்தில் அசையாமல் உட்காருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாங்க. சாயங்காலம் சில கூட்டங்கள் கத்திக்கொண்டே உயர எழும்பும். திரும்பி இறங்கவில்லை என்றால் பயணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

உள்ளான் கறி என்று யாராவது விற்றால் வாங்காதீங்க. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

சில பறவைகளின் காலில் வளையம் இருக்கும். அவை எங்கே போகின்றன என்று அறிய ஆய்வாளர்கள் மாட்டியது. உயிரோடு உள்ள பறவையிடம் அதைக் கழற்றக் கூடாது. செத்துக் கிடந்தால் வளையத்தில் உள்ள எண், கிடைத்த இடம், தேதி மூன்றையும் எழுதி வனத்துறை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.