ஒரே பந்தியில் எல்லாரும்



கோதுமை, பார்லியிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சிலருக்குச் சிறுகுடலின் உட்சுவரைப் பாழாக்கும். இது சீலியாக் நோய். பிள்ளைகள் வயிற்றுப்போக்காலும் இரத்தசோகையாலும் மெலிந்து, வளர்ச்சி குன்றிப்போவார்கள். குணமாக்கும் மருந்தில்லை, அப்புரதத்தை ஆயுள் முழுவதும் விலக்குவதே சிகிச்சை. "பண்டிகைக்கு ஒரு துண்டு கேக் என்ன செய்துவிடும்?" என்று பாட்டி அன்போடு ஊட்டினாலும் கெடுதிதான்.

ஆகவே கிறிஸ்துமஸ் விருந்து வைக்கும் வீட்டாருக்கு நாங்கள் சொல்வது இது: கேக், மைதா கல்கல், சேமியா பாயசம், ரவா கேசரி ஆகாது. சோறு, இடியாப்பம், கறிக்குழம்பு, அரிசிப் பாயசம் ஆகும். தூள் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு; பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள். பூரி பொரித்த எண்ணெயில் முறுக்குச் சுடாதீர்கள்.

பிள்ளையைத் தனியே உட்காரவைக்க வேண்டாம். அச்சுமுறுக்கை அரிசி மாவில் மட்டுமே சுட்டால், வீட்டிலுள்ள எல்லாரும் அதையே உண்ணலாம்.