பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் மவுஸைப் பிடியுங்கள்!

கம்ப்யூட்டரில் தப்பு செய்தால் கன்ட்ரோல் + இசட் இருக்கிறது. பிளாஸ்டிக் மாடலில் அது கிடையாது. மூன்று வாரம் ராத்திரி கண்விழித்துச் செய்த ஒரு மாடலை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பாழாக்கிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

நான் செய்தது பி.எம்.டபிள்யூ ஆர் 75 என்ற ராணுவ மோட்டார் சைக்கிள். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார சைடுகார் இணைந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் ஓட்டிய வண்டி. இதை இத்தாலியின் இட்டாலெரி நிறுவனம் 1/9 அளவில் மாடல் கிட்டாகத் தயாரித்திருக்கிறது. ஒட்டி முடித்தால் சுமார் 27 செ.மீ. நீளம் வரும். பெயின்ட் அடித்ததும் பளபளவென்று பொம்மை மாதிரி இருக்கும். அதைப் போர்க்களத்தில் அடிபட்ட வண்டியாக மாற்றுவதற்கு ‘வெதரிங்’ என்று பெயர். தூசி, சேறு, எண்ணெய்க் கசிவு, பெயின்ட் உரிந்த காயங்கள் எல்லாம் இதில் அடக்கம்.

ஆர்வக் கோளாறில் நான் எல்லா இடத்திலும் துரு வைத்தேன். என் பைக்கை சர்வீஸ் செய்யும் மெக்கானிக் அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இன்ஜின் கேஸ் அலுமினியம் ஆச்சே, அதுல எப்படிப்பா செவப்புத் துரு வரும்?” என்றார். அத்தோடு விடவில்லை. பெட்ரோல் டேங்கில் நான் வைத்திருந்த அரை சென்டிமீட்டர் காயத்தைக் காட்டி, “இது நிஜ வண்டியில எவ்வளவு பெருசு?” என்று கேட்டார். ஒன்பதால் பெருக்கினேன். நாலரை சென்டிமீட்டர்! அப்படி ஒரு டஜன் காயம் இருந்தால் வண்டி குண்டடிபட்டது போலத்தான் தெரியும்.

இரண்டாவது மாடலுக்கு முதலில் கம்ப்யூட்டரில் ஒத்திகை பார்த்தேன். உங்களிடம் இருக்கும் சாதாரண கம்ப்யூட்டரே இதற்குப் போதும். தேவையான சாஃப்ட்வேர் கிம்ப். முற்றிலும் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும்.

மாடலுக்கு வெளிர் சாம்பல் பிரைமர் மட்டும் அடித்து, ஜன்னல் ஓரம் வைத்துப் பக்கவாட்டில் போட்டோ எடுங்கள். பிளாஷ் வேண்டாம், நிழலெல்லாம் வெளுத்துவிடும். போட்டோவை கிம்ப்பில் திறந்து, முன் டயர் முனையிலிருந்து பின் டயர் முனை வரை மட்டும் இருக்கும்படி கிராப் செய்யுங்கள். பிறகு இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் என்பதைக் கிளிக் செய்து, அகலத்தை 2700 பிக்சல் என்று கொடுங்கள். மாடல் 27 செ.மீ. என்பதால் இனி 10 பிக்சல் என்பது மாடலில் 1 மி.மீ.; நிஜ வண்டியில் 9 மி.மீ. பிரஷ் அளவை 10-க்கு மேல் ஏற்றும்போதெல்லாம் கை தயங்க வேண்டும். என் நாலரை சென்டிமீட்டர் பிரச்சினை இந்த ஒரு கணக்கிலேயே தீர்ந்தது.

இனி லேயர்கள். புதியவர்கள் லேயர் என்றாலே மிரளுகிறார்கள். போட்டோ மேல் வைத்த கண்ணாடித் தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். லேயர் மெனுவில் நியூ லேயர் கிளிக் செய்து, பில் வித் என்ற இடத்தில் டிரான்ஸ்பரன்ஸி தேர்ந்தெடுங்கள். எந்த வரிசையில் லேயர் வைப்பது? அதை வண்டியின் கதைதான் சொல்ல வேண்டும்.

போரின் முதல் பாதியில் ஐரோப்பாவில் ஓடிய ஜெர்மன் ராணுவ வண்டிகளுக்கு அடர் சாம்பல் நிறம் (ஆர்.ஏ.எல். 7021). 1943 பிப்ரவரியில் அடர் மஞ்சளுக்கு மாறும்படி உத்தரவு வந்தது. ஏற்கெனவே களத்தில் இருந்த வண்டிகளுக்குப் பெயின்ட் பசை போலக் கெட்டியாக வந்து சேரும். வீரர்கள் அதில் தண்ணீரோ பெட்ரோலோ கலந்து, கிடைத்ததை வைத்து அடித்தார்கள். எனவே 1942-ல் தயாரான ஒரு வண்டியை 1943-ல் இருந்த கோலத்தில் செய்கிறீர்கள் என்றால், மஞ்சள் உரிந்த இடத்தில் முதலில் தெரிய வேண்டியது இரும்பு அல்ல, பழைய சாம்பல். அதுவும் ஆழமாக உரிந்தால்தான் இரும்பு.

ஆகவே முதல் லேயர் மஞ்சள். இதன் மோடை மல்டிப்ளை என்று மாற்றினால் அடியில் இருக்கும் போட்டோவின் நிழல்கள் மறையாது. அதற்கு மேல் சாம்பல் காயங்கள். ஓரம் ஒழுங்கில்லாத சாக் பிரஷ் இதற்கு நன்றாக இருக்கும். அதற்கு மேல் இரும்பு, சாம்பல் பொட்டுக்கு உள்ளேயே மிகச் சிறிதாக. பிறகு எண்ணெய்க் கறைக்கு ஒரு மல்டிப்ளை லேயர். எல்லாவற்றுக்கும் மேலே தூசி. அதன் ஒபாசிட்டியை 25 அளவுக்குக் குறைத்துவிடுங்கள். ஒவ்வொரு லேயர் பக்கத்திலும் உள்ள கண் படத்தைக் கிளிக் செய்து மறைத்தும் காட்டியும் பாருங்கள். நான் போட்டதில் பாதியை இப்படித்தான் அழித்தேன்.

அழுக்கு எங்கே சேரும் என்பதற்கு வண்டியின் இயக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர் 75-ன் இரண்டு சிலிண்டர்களும் இன்ஜினுக்கு இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன் சக்கரம் வாரியடிக்கும் சேறு நேராக அங்கே போய், சூட்டில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்த வண்டியில் சைடுகார் சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும். சும்மா உருளும் சக்கரம் அல்ல அது. சகதியில் அதுவும் சுழன்று மண்ணை வாரும். ஆகவே அந்த மட்கார்டின் உள்பக்கமும் பின் சக்கரம் போலவே சேறு அப்பியிருக்க வேண்டும். டேங்கில் முழங்கால் உரசும் இடம் மட்டும் தூசி இல்லாமல் வழவழப்பாக இருக்கும். சந்தேகம் வந்தால் மழை நாளில் உங்கள் பைக்கையே குனிந்து பாருங்கள். பழைய போட்டோக்களும் கிடைக்கின்றன. ஜெர்மனியின் அரசு ஆவணக் காப்பகம் 2008 டிசம்பரில் விக்கிமீடியா காமன்ஸுக்கு 80,000-க்கும் அதிகமான படங்களைக் கொடுத்தது. பெரும்பாலும் கருப்பு வெள்ளைதான். நிறம் தெரியாது, சேறு எதுவரை ஏறியிருக்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

மானிட்டரில் தெரியும் மஞ்சளைப் பார்த்துப் பெயின்ட் கலக்காதீர்கள்! பல மானிட்டர்களின் அமைப்பு நீலம் தூக்கலாகவே இருக்கும். மானிட்டர் மெனுவில் எஸ்.ஆர்.ஜி.பி. அல்லது 6500 என்று மாற்றினால் கொஞ்சம் பரவாயில்லை. அப்படியும் எங்கே, எவ்வளவு என்பதற்கு மட்டும்தான் ஸ்கிரீனை நம்பலாம். எந்த நிறம் என்பதை ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேலையை பைல் மெனுவில் சேவ் செய்தால் லேயர்களோடு எக்ஸ்.சி.எப். பைலாகப் பதிவாகும். பிரிண்ட் எடுக்க எக்ஸ்போர்ட் ஆஸ் மூலம் ஜேபெக் ஆக்குங்கள். பிரிண்ட்டை மேஜையில் மாடல் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு நிஜ வேலையைத் தொடங்கலாம்.

ஸ்கிரீனில் போட்ட அதே வரிசைதான். முதலில் சாம்பல் அக்ரிலிக் அடித்து நன்றாகக் காய விடுங்கள். மேலே சலூன்களில் பயன்படுத்தும் ஹேர் ஸ்பிரே மெல்லியதாக ஒரு பூச்சு. அதன் மேல் தண்ணீரில் கரையும் மஞ்சள் அக்ரிலிக். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும், பிரிண்ட்டில் குறித்த இடங்களில் மட்டும் ஈரப் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். அடியில் இருக்கும் ஹேர் ஸ்பிரே கரைந்து, மஞ்சள் உரிந்து, சாம்பல் எட்டிப் பார்க்கும். உரிந்த மஞ்சளைத் திரும்ப ஒட்ட முடியாது. பிரிண்ட் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

அடுத்து கிளாஸ் வார்னிஷ் அடித்து ஒரு நாள் விடுங்கள். கரும்பழுப்பு ஆயில் பெயின்ட்டை ஒயிட் ஸ்பிரிட்டில் நீர்த்து, போல்ட் தலைகளிலும் இடுக்குகளிலும் நுனி பிரஷ்ஷால் தொட்டால் தானாக ஓடி நிரம்பும். அதிகமானதை இயர் பட்ஸால் துடைக்கலாம். கடையில் வெறுமனே ‘தின்னர்’ என்று கேட்டு வாங்கி வந்துவிடாதீர்கள். கதவுக்கு அடிக்கும் என்.சி. பெயின்ட்டில் கலக்கும் தின்னர் பட்டால் பிளாஸ்டிக்கே இளகிவிடும். எதை வாங்கினாலும் அந்த ஸ்பூனில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே மாடலைத் தொடுங்கள்.